ஜமீன் கொலையும் ஒரு துரும்பும்

தஞ்சை ஜில்லா தந்த தவப்புதல்வராம். ஆயிரம் வேஷம் போட்டாலும் அடையாளம் காண முடியாத மேதையாம். பூந்தமல்லியில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனியின் நோட்டீஸில் மாஸ்டர் மோகனரங்கனைப் பற்றி அப்படித்தான் அச்சடித்திருந்தது. நூம்பல் கிராமத்தில் பக்கத்து வீட்டுக்காரர் அதை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கேட்டபோது வடிவுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

"தஞ்சாவூராமா?" என்றாள். "நம்ம ஏரியிலே எருமை கழுவிக்கினு கெடந்தவன் எப்போ தஞ்சாவூருக்குப் போயி பொறந்தான்?"

அந்த மோகனரங்கன் அவள் புருஷன் எத்திராஜ். அதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. கல்யாணமான மறு வருஷமே, திருவிழாவுக்கு ஆட வந்த ஒரு நாடக செட்டின் பின்னால் போனவன்தான். அதற்கப்புறம் இருக்கிறானா செத்தானா என்று ஒரு சேதி கிடையாது. இந்த வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸ் ஜனமெல்லாம் சட்டி பானையோடு கிளம்பி மாங்காட்டிலும் ஐயப்பன்தாங்கலிலும் பூந்தமல்லியிலும் வந்து அடைந்துகொள்ள, பார்க்கிற ஜனம் போன இடத்துக்கே நாடகக் கம்பெனியும் வந்து சேர்ந்தது. நாலு வருஷமாக ஊர்க்காரர்கள் தேடிக் கிடைக்காதவனை ஜப்பான்காரன் கொண்டுவந்து விட்டான்.

வடிவுக்கு அவன் வேண்டாம். அவன் கையால் ஒரு துரும்பு வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் ஜனத்தில் கல்யாணத்தைத் தீர்த்துவிடுவது அப்படித்தான். நாட்டாண்மைக்காரர் பார்த்திருக்கப் புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டு, 'இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை' என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் வேறு தாலி கட்டிக்கொள்ளலாம், ஒரு பயல் ஒரு வார்த்தை பேச முடியாது. சொல்லாவிட்டால், அவன் எந்தச் சீமையில் எந்த மீசையை ஒட்டிக்கொண்டு ஆடினாலும் இவள் அவன் பெண்டாட்டிதான். மாங்காட்டில் மாட்டு வண்டி ஓட்டும் தசரதன் அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தான். பெண்டாட்டியை இழந்தவன், அதிகம் பேசாதவன், மாட்டை அடிக்காதவன். ஆனால் ஆடி பிறப்பதற்குள் வழி பிறக்காவிட்டால் திருமழிசையில் பார்த்து வைத்திருக்கும் பெண்ணை அவனுக்கு முடித்துவிடப் போவதாக அவன் தாயார் சொல்லி அனுப்பிவிட்டாள். இன்னும் காத்திரு என்று சொல்ல வடிவுக்கு என்ன உரிமை இருக்கிறது?

நாட்டாண்மை ஜம்புலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு கம்பெனி தங்கியிருந்த சத்திரத்துக்கு அவள் போய்ப் பார்த்தாள். மாஸ்டர் மோகனரங்கன் பட்டு ஜிப்பாவும், காலை வெயிலிலேயே முகம் நிறைய பவுடருமாக வெளியே வந்தான். குடுமி போய் கிராப்பு வந்திருந்தது. மீசை போயிருந்தது. வெட்கம் அதற்கு முன்பே போயிருந்தது.

"அம்மணி! தாங்கள் யாரோ, எவ்வூரோ, நான் அறியேன். பிறர் மனையை ஏறெடுத்தும் பாராதவன் இந்த மோகனரங்கன்!" என்று மார்பில் கை வைத்துச் சொன்னான். சொல்லி முடித்ததும் கைதட்டலுக்குக் காத்திருப்பவன் போலச் சற்று நின்றான். நூம்பலான் என்று ஒத்துக்கொண்டால் தஞ்சை ஜில்லாவின் தவப்புதல்வர் என்ன ஆவார்? துரும்பு கிள்ளுவதில் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பெருமை போய்விடுமே என்பதுதான் கவலை. அந்தப் பெருமைக்காக ஒரு பெண் ஆயுசு முழுக்க வாழாவெட்டியாகக் கிடந்தாலும் கிடக்கட்டும் என்று நினைக்கிற ரகம்.

திரும்பி வரும்போது ஜம்புலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டே நடந்தார்.

"மூக்கு அவன் மூக்குதான். ஆனா பேச்சு அவன் பேச்சு இல்லியே, வடிவு."

"பேச்சு மாறினா ஆளு மாறிடுவானா பெரிப்பா?"

"அது சரி. ஆனா நீ சொல்றேன்னு எவனையோ இட்டாந்து துரும்பு கிள்ள வெச்சுட்டு, நாளிக்கு நெசமான எத்திராஜ் வந்து நின்னா நான் இன்னா பதில் சொல்றது? அவனா வாயால ஒத்துக்கணும். இல்லாங்காட்டி, இவன்தான்டான்னு எனுக்கே மனசுல படணும்."

"அப்போ நாடகத்துக்கு வா பெரிப்பா. ஆயிரம் வேசம் போடுறானாமே, அதுல எதுனா ஒண்ணுல அவனாட்டம் இருக்க மாட்டானா?"

ஜம்புலிங்கத்துக்கும் நாடகம் பார்க்க ஆசைதான். நாட்டாண்மை நாடகத்துக்குப் போவதா என்று இத்தனை நாள் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தார். இப்போது அது ஊர்க் காரியமாகிவிட்டதால், வெள்ளை வேட்டி உடுத்தி, முன் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். நூம்பலிலிருந்து இன்னும் ஏழெட்டுப் பேர் ஊர்க் காரியத்தை முன்னிட்டு அவர் பின்னால் வந்தார்கள். தசரதன் மட்டும் உள்ளே வரவில்லை. கொட்டகை வாசலில் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டான். வடிவு பெண்கள் பக்கம், மணல் தரையில், கயிற்றை ஒட்டி இடம் பிடித்தாள்.

'பச்சைக்கல் பங்களா அல்லது ஜமீன்தார் கொலை மர்மம்' மத்தியானம் தொடங்கியது. யுத்தத்துக்காக இரவில் வெளிச்சம் காட்டக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. ஆகையால் கம்பெனிக்காரர்கள் நடுப்பகலில் நடுநிசிக் கொலை நடத்தினார்கள். கீற்று இடுக்கு வழியாகச் சித்திரை வெயில் மேடை முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தது. "ஐயோ, என்ன கும்மிருட்டு!" என்று ஜமீன்தார் இரண்டு கைகளாலும் காற்றைத் தடவிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் கறுப்புப் போர்வைக்குள் கொலைகாரன் நின்றான். போர்வை விலகி அவன் முகம் பளிச்சென்று தெரிந்தது. ஜமீன்தாரின் சொந்தத் தம்பி. வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"யோவ், பின்னால கீறான்யா! திரும்பிப் பாருய்யா!" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன் கத்தினான். ஜமீன்தாருக்குக் காது கேட்கவில்லை. நியாயமாகக் குத்து வாங்கிக்கொண்டு விழுந்தார்.

அதற்குப் பிறகு அதில் என்ன மர்மம் வேண்டிக் கிடக்கிறது? கொலைகாரன் யாரென்று கைக்குழந்தை உள்பட எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, மேடையில் இருப்பவர்களைத் தவிர. செத்தவருக்கோ வியர்வை தாங்கவில்லை. அரிதாரம் கரைந்து காதில் இறங்கியது. அவர் மேல் விழுந்து அழுத ஜமீன்தாரிணி, பிலாக்கணத்துக்கு நடுவே முந்தானையால் அவருக்கு விசிறிவிட்டாள். அது ஒன்றுதான் அந்த நாடகத்தில் நம்பும்படி இருந்தது.

அப்போது துப்பறியும் ரமணலால் வந்தார். தொப்பி, கோட்டு, வாயில் புகையாத ஒரு பைப்பு. அவர்தான் மாஸ்டர் மோகனரங்கன். வந்ததும் பிணத்தைப் பார்க்கவில்லை. சபையைப் பார்த்து ஒரு பாட்டு பாடினார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து, மேஜையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், வேலைக்காரியைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். தலைமாட்டில் கறுப்புப் போர்வையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்ற தம்பியை மட்டும் பார்க்கவில்லை.

வடிவுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. 'பெரிய துப்பறியிறவரு,' என்று நினைத்தாள். 'கட்டின பொண்டாட்டி கண்ணெதிர்ல நின்னா தெரியாதவனுக்குக் கொலைகாரனா தெரியப்போறான்?' ஆனால் தொப்பியும் கோட்டும் மாட்டியவனைப் பார்த்து ஜம்புலிங்கம் என்ன முடிவுக்கு வருவார்? அவள் எட்டிப் பார்த்தாள். அவர் வாயைப் பிளந்துகொண்டு நாடகத்தில் மூழ்கிக் கிடந்தார். வந்த காரியமே அவருக்கு மறந்துபோயிருந்தது. போனால் போகட்டும் என்று விடக்கூடிய காரியமா இது?

பங்களா படுதாவைச் சுருட்டி வயல்வெளிப் படுதாவை இறக்கினார்கள். ஒரு ஓரத்தில் வைக்கோல் போட்டிருந்தது. கொலைகாரனைப் பிடிக்க ரமணலால் மாறுவேஷத்தில், ஜமீன் வயலுக்குக் காவல்காரக் கிழவனாக வருகிற கட்டம். எல்லோரும் காத்திருந்தார்கள். முதலில் உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது.

வடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கிழவன் வந்தான். வலது முழங்காலில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான். அந்தக் காலைச் சற்று இழுத்து, இடது கையால் இடுப்பைத் தாங்கி, நாலடிக்கு ஒரு தரம் நின்று வானத்தைப் பார்த்தான். மறுபடியும் இருமினான். மூன்று சின்ன இருமல், ஒரு பெரிய இருமல். அதன் முடிவில் மூச்சை இழுத்துக்கொண்டு, "மாங்காட்டாளே, பாத்துக்கோடியம்மா!" என்றான். பிறகு மேடையில் இல்லாத ஒரு மாட்டின் பக்கம் திரும்பி, "இன்னா மயிலே, நாஞ்சொல்றது சரிதானே?" என்று கேட்டான்.

வடிவு வாய்விட்டுச் சிரித்தாள். அவளையும் மீறி வந்த சிரிப்பு அது. அவள் அப்பா வீரராகவன் அங்கே நின்றுகொண்டிருந்தார். அந்தத் துண்டு, அந்தக் கால், அந்த இருமல், எல்லாவற்றுக்கும் மயிலைக் காளையிடம் யோசனை கேட்கிற அந்தக் கிறுக்கு. போன ஐப்பசி மழையில் ஊர் கூடித் தூக்கிக்கொண்டு போன அப்பா. இரண்டு மூச்சு விடுகிற நேரம் அவளுக்கு ஆனந்தமாக இருந்தது. அப்புறம்தான் அது யார் என்ற நினைப்பு வந்து, சிரிப்பு தொண்டையிலேயே நின்றது. சோறு போட்ட மாமனாரை வைத்து இந்த நாய் பிழைப்பு நடத்துகிறது. எந்தெந்த ஊரிலோ அவர் இருமலுக்குக் கைதட்டல் வாங்கியிருக்கிறது.

மெட்ராஸ் ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நூம்பல்காரர்கள் அதைவிடச் சிரித்தார்கள். ஜம்புலிங்கம் தொடையைத் தட்டிக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரரின் தோளையும் தட்டிக்கொண்டு, "அய்ய, நம்ம வீரராகவன்யா! அப்டியே வீரராகவன்!" என்று கூவினார். கூவிவிட்டு அடுத்த சிரிப்புக்கு வாயைத் திறந்தவர் திறந்தபடியே இருந்தார். அவர் முகத்தில் விஷயம் மெல்ல மெல்ல ஏறுவதை வடிவு இங்கிருந்தே பார்த்தாள்.

தஞ்சாவூர்க்காரனுக்கு நூம்பல் கிழவனின் இருமல் எப்படித் தெரியும்? அதுவும் மாட்டின் பெயரோடு?

ஜம்புலிங்கம் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஆர்மோனியக்காரனைத் தாண்டி நேரே மேடைமேல் ஏறினார். கிழவனின் மணிக்கட்டைப் பிடித்தார். ஏற்றம் இறைத்து உரமேறிய பிடி அவருடையது.

"மயிலையை உனுக்கு யாருடா சொன்னது?"

"பெரியீர்! இது நாடக மேடை. தாங்கள் யாரோ, எவ்வூரோ..."

"நூம்பல் மாடு தஞ்சாவூர்ல வந்து மேஞ்சுதாடா? சொல்றா!"

சபையில் விசில் பறந்தது. இதுவும் கதையில் வருகிற கட்டம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நாட்டாண்மை வேஷக்காரர் மற்றவர்களைவிட எவ்வளவு இயற்கையாக நடிக்கிறார் என்று நாற்காலியில் இருந்த ஒரு மெட்ராஸ் வக்கீல் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார். செத்துப்போன ஜமீன்தார் திரை மறைவிலிருந்து எட்டிப் பார்த்தார். ஜம்புலிங்கம் பிடியை இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.

"ஐயோ, கைய உடு மாமா! நோவுது மாமா!"

பவுடரும் பட்டு ஜிப்பாவும் மறைத்து வைத்ததை ஒரு முறுக்கு வெளியே கொண்டுவந்துவிட்டது. நூம்பல் பேச்சு, நூம்பல் குரல். சின்ன வயசிலிருந்து ஜம்புலிங்கத்தை அவன் கூப்பிட்ட அதே 'மாமா'. கீழே உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள் ஒரே குரலில் "எத்திராஜ்டா!" என்றார்கள்.

வடிவு கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்து மேடைக்கு வந்தாள். இத்தனை கண்ணுக்கு முன்னால் நிற்க அவளுக்குக் கூசத்தான் செய்தது. ஆனாலும் நின்றாள். எத்திராஜ் ஒட்டுத் தாடிக்குள்ளிருந்து கெஞ்சினான்.

"மானம் போவுது வடிவு. ஆட்டம் முடியட்டும், அப்பால சத்திரத்துக்கு வா, பேசிக்கலாம்."

"சத்திரத்துக்கு வந்தேனே, அம்மணின்னு சொல்லித் தொரத்தினியே. இங்கியே கிள்ளு. பெரிப்பா பாக்கட்டும்."

ஜம்புலிங்கம் வைக்கோலிலிருந்து நீளமாக ஒரு துரும்பை உருவி அவன் கையில் கொடுத்தார். அவன் ஓரத்துத் திரையைப் பார்த்தான். அங்கே கம்பெனி முதலாளி, எதையாவது செய்து தொலை, ஆட்டம் நடக்கட்டும் என்று கையை ஆட்டினார். எத்திராஜ் துரும்பைப் பார்த்தான். அப்போதும் சும்மா கிள்ளவில்லை, பாருங்கள். கையை உயர்த்தி, துரும்பை வெயிலில் படும்படி பிடித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இன்றோடு உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை!" என்று கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொல்லிக் கிள்ளிப் போட்டான். ஒரு பெண்ணைத் தலைமுழுகும்போதுகூட அவனுக்குக் குரல் எடுப்பாக இருக்க வேண்டும்.

கொட்டகை அதிர்ந்தது. "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள்.

"ஒரு தபா கிள்ளினா போதும்!" என்று ஜம்புலிங்கம் சபையைப் பார்த்துச் சீறினார். "எங்க ஜனத்துல ரெண்டு தபா கெடையாது!" அதற்கும் கைதட்டினார்கள். அவர் வடிவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "தீந்துச்சும்மா. இனி நீ ஆரை வேணாலும் கட்டிக்கோ. நான் சாட்சி."

அவர் இறங்கிவிட்டார். வடிவும் திரும்பினாள். பின்னாலிருந்து எத்திராஜ் மெல்லக் கூப்பிட்டான். இந்தத் தடவை குரலில் பவுடர் இல்லை.

"வடிவு. மாமன் எப்டி கீறாரு? கோவமா கீறாரா எம்மேல?"

ஒரு வார்த்தையும் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் அவன் முழங்காலில் கட்டியிருந்த துண்டைப் பார்த்தபோது அவளால் முடியவில்லை.

"நைனா பூட்டாரு. ஐப்பசியிலே. இதே இருமல்தான். கடைசித் தபா இருமிட்டு, மாங்காட்டாளேன்னு சொல்ல வந்தாரு. மாங்காட்டுன்ற வரைக்கும்தான் வந்துச்சு. அதோட மூச்சு நின்னுபோச்சு. இப்போ இன்னா, அவரை வெச்சு நல்லா சம்பாரி."

அவன் முகம் சுருங்கியது. ஒட்டுத் தாடி ஒரு பக்கம் பெயர்ந்து தொங்க, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கண்ணில் நீர் நின்றதை அவள் பார்த்தாள். அவன் சோறு தின்ற வீட்டில் அந்த மனுஷன் அவனை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. படிகளில் இறங்கும்போது வடிவுக்கே மனசு என்னவோ செய்தது. இத்தனை பேர் மத்தியில் சாவுச் சேதியை முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருக்க வேண்டாமோ, பாவம், அவனுக்கும் ஒரு துக்கம் இருக்காதா என்று நினைத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தாள்.

உள்ளே சபை பொறுமை இழந்து காலால் தட்டிக்கொண்டிருந்தது. ஆர்மோனியம் முனகியது. மறுபடியும் அந்த இருமல் கேட்டது. மூன்று சின்னது, ஒன்று பெரியது. வடிவு நின்றாள்.

"மாங்காட்டு..." என்றது மேடையிலிருந்து குரல். அத்தோடு நின்றது. இழுத்த மூச்சு, இழுத்தபடியே. தொப்பென்று ஒரு உடம்பு விழுகிற சத்தம்.

கொட்டகையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. விசில். முன்பைவிட இரண்டு பங்கு கைதட்டல். எவனோ "ஒன்ஸ்மோர்!" என்றான். கிழவன் எழுந்து, முதலிலிருந்து மறுபடியும் இருமத் தொடங்கினான்.

வடிவு வாசல் மண்ணில் காறித் துப்பினாள். இரக்கப்பட்டதற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதன் பிறகு அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தாள், நிற்கவில்லை.

தசரதன் வண்டியடியிலிருந்து ஓடி வந்தான். "இன்னாம்மே, ஏன் அழுவுறே? கிள்ள மாட்டேன்னுட்டானா?"

"கிள்ளிட்டான்," என்றாள் வடிவு. "மாட்டைப் பூட்டு. இந்தச் சிரிப்புச் சத்தம் கேக்காத தூரத்துக்கு என்னை இட்டுகினு போ."